சிங்கப்பூரில் சின்ன வாடகைக் கார் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொந்தக் கார் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் சிஓஇ என்று சொல்வது, 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான பிரிவிலேயே 106,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டது. அந்தத் தொகை பத்து ஆண்டு உரிமைக்கு மட்டும்தான். காரின் விலை தனி. அதனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதும், தீபாவளிக்கு நாலு வீடு போய்வர வேண்டியிருக்கும்போதும் பலர் ஒரு சின்ன காரை வாடகைக்கு எடுக்கிறார்கள். அப்படி முதன்முறையாக எடுப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

சின்ன கார் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஹோண்டா ஃபிட், டொயோட்டா வியோஸ், மாஸ்டா 2 போன்றவை. 1.3 அல்லது 1.5 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். ஃபிட் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். வியோஸ் அதைவிடக் கொஞ்சம் நீளம், பின்னால் தனி பூட் உண்டு. கையால் கியர் மாற்றும் காரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாடகையில் அது கிடைப்பது அரிது.

யார் எடுக்கலாம்? இந்திய லைசென்ஸ் செல்லுமா?

சுற்றுலா வந்தவர்கள் தங்கள் நாட்டு உரிமத்தை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம். இந்திய உரிமம் என்றால் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வாடகை நிறுவனங்கள் அதைக் கேட்கும். மலேசியா போன்ற ஆசியான் நாட்டு உரிமங்களுக்கு அது தேவையில்லை. வேலை அனுமதியில் இங்கேயே தங்கியிருப்பவர்கள் 12 மாதத்துக்குமேல் ஓட்ட நினைத்தால், அடிப்படைப் பாடத்தேர்வு எழுதி சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

உரிமம் சரியாக இருந்தாலும் நிறுவனம் தனக்கென்று வயது வரம்பும் அனுபவ வரம்பும் வைத்திருக்கும். புது ஓட்டுநர்கள் தகடு ஒட்டும் முதல் ஓராண்டில் பல இடங்களில் கார் தரமாட்டார்கள். தந்தாலும் கூடுதல் கட்டணம் உண்டு. காரை எடுத்தவரைத் தவிர வேறு யாராவது ஓட்டப் போகிறார்கள் என்றால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "மச்சான் கொஞ்ச தூரம் ஓட்டட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டால், அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் காப்புறுதி இல்லாமல் போய்விடும்.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கும்?

முதலில் கைக்குத் தெரிவது ஸ்டியரிங் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதுதான். ஒரு விரலால் திருப்பிவிடலாம் போல இருக்கும். பழைய ஊர்க் கார்களை ஓட்டியவர்கள் இதில் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் வீடிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே மெதுவாகச் சுற்றி வாருங்கள், கை பழகிவிடும்.

அடுத்து ஆக்சிலரேட்டர். இந்தக் கார்களில் பெரும்பாலும் சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக் கியர். அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். கார் பழுதோ என்று பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான். ஆனால் விரைவுச்சாலையில் சேரும் இடத்தில் இதை மனத்தில் வைத்தே ஆக வேண்டும். பிஐஇ விரைவுச்சாலைக்குள் நுழையும் இணைப்புச் சாலையில் தயங்கித் தயங்கி மிதித்துவிட்டு, கடைசி நொடியில் வேகம் கேட்டால் அது கொடுக்காது. இணைப்புச் சாலை தொடங்கும்போதே உறுதியாக மிதித்து, சேரும் இடத்துக்கு வரும்போது மற்ற வண்டிகளின் வேகத்தை எட்டியிருக்க வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்து ஏசியும் ஓடினால் இன்னும் முன்கூட்டியே மிதிக்க வேண்டும்.

விரைவுச்சாலைகளில் வரம்பு 70 முதல் 90 கி.மீ. வரை. 90இல் இந்தக் கார் தாராளமாக ஓடும். ஆனால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் உள்ளே கேட்கும், பின்னால் இருக்கும் பாட்டியோடு பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். பக்கத்தில் பெரிய லாரியோ இரட்டைமாடிப் பேருந்தோ கடக்கும்போது காற்று லேசாகத் தள்ளுவது தெரியும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், நிலையாகப் பிடித்தால் போதும்.

மெதுவான இடங்களில்தான் இந்தக் காரின் அருமை தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளின் குறுகிய உட்சாலை, பலமாடிக் கார்பார்க்கில் சுற்றிச் சுற்றி ஏறும் வளைவு, கோப்பிக்கடை முன்னால் சரக்கு இறக்கும் லாரிக்குப் பக்கத்தில் மீதமிருக்கும் இடைவெளி, எல்லாவற்றிலும் பதற்றமில்லாமல் நுழைந்து வெளியே வரலாம். ஏழு பேர் உட்காரும் பெரிய எம்பிவியில் இதே வளைவில் ஏறும்போது, சுவரில் இருக்கும் பல நிறக் கீறல்கள் யாருடையவை என்று நினைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். சிங்கப்பூருக்குச் சின்ன கார் போதும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இங்கே வேகத்தைக் காட்ட இடமில்லை. ஆனால் திருப்பவும் நிறுத்தவும் தினமும் தேவை வரும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். சிவப்பு விளக்கில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தால் அது எரிபொருள் மிச்சப்படுத்தும் வசதி. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மறுபடி உயிர் வரும். ஜப்பானியக் கார்களில் சிக்னல் நெம்புகோல் வலக்கைப் பக்கம், ஐரோப்பியக் கார்களில் இடப்பக்கம். மாற்றி எடுத்தவர்கள் திரும்பும்போதெல்லாம் வைப்பரைப் போட்டுவிடுவார்கள். வெளியே வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் கண்ணாடிகளைக் கொஞ்ச நேரம் இறக்கி, சூட்டை வெளியே விட்டுவிட்டு ஏசியைப் போடுங்கள். சின்ன காரின் ஏசி அப்போதுதான் சீக்கிரம் குளிரும்.

ஐந்து பேரும் சாமானும் கொள்ளுமா?

பெரியவர்கள் நால்வர் வசதியாக உட்காரலாம். பின்னால் மூன்று பெரியவர்கள் என்றால் தோளோடு தோள் உரசும். அங் மோ கியோவிலிருந்து தேக்கா (லிட்டில் இந்தியா) வரை தாங்கும், நாள் முழுக்கச் சுற்றினால் நடுவில் உட்கார்ந்தவருக்கு முதுகு வலிக்கும். விமான நிலையத்திலிருந்து நாலு பேரை நாலு பெரிய பெட்டியோடு அழைத்து வரச் சின்ன கார் எடுக்காதீர்கள். அன்றைக்கு மட்டும் பெரிய டாக்சி பிடித்துவிட்டு, காரை மறுநாளிலிருந்து எடுங்கள். ஃபிட்டில் பின்னிருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடக்கிவிடலாம், உயரமான சாமானுக்கு அது நல்ல வசதி.

1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை கட்டாயம். நிறுவனத்திடம் முன்பே சொன்னால் வாடகைக்குத் தருவார்கள். "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று பாட்டிமார் சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

ஊரில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். இங்கே என்ன வித்தியாசம்?

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், அதனால் பாதிப் பயம் தேவையில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியது கவனத்தை. ஊரில் கண் முன்னாலும் ஹாரனிலும் இருக்கும். இங்கே தடத்திலும் பலகையிலும் இருக்க வேண்டும்.

முக்கியமானது தடம். வலம் திரும்ப வேண்டும் என்றால் சந்திப்புக்கு வெகு முன்பே வலத் தடத்துக்குப் போய்விட வேண்டும். தவறவிட்டால் நேராகப் போய், அடுத்த இடத்தில் திரும்பி வாருங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் கூடும். ஆனால் யூ-டர்ன் பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான் யூ-டர்ன் போடலாம். பலகை இல்லையென்றால் அனுமதி இல்லை என்று பொருள். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்புவதும் அப்படித்தான், அதற்கென்று பலகை வைத்த சந்திப்புகளில் மட்டும், நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பேருந்துத் தடம் பலரைச் சிக்க வைக்கிறது. மஞ்சள் கோடு போட்டது வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையிலும், மாலை 5 முதல் 8 வரையிலும் பேருந்துகளுக்கு. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது முழுநாள் தடம். திங்கள் முதல் சனி வரை காலை 7.30 மணியிலிருந்து இரவு 11 மணி வரை நாம் உள்ளே போகக்கூடாது.

மோட்டார்சைக்கிள்கள் இரண்டு தடங்களுக்கு நடுவே வேகமாக வரும், குறிப்பாக காலையிலும் மாலையிலும். பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தலையைத் திருப்பியும் பார்த்து, அப்புறம் மாறுங்கள். ஜொகூரிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்கள் அவர்களில் நிறைய. விடியற்காலையில் எழுந்து, களைப்போடு வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு ஒரு நொடி கூடுதலாகக் கொடுப்பது நம் கடமை.

சாலைகளில் பொதுவான வரம்பு 50 கி.மீ. பள்ளி அருகே விளக்கு மின்னும்போது 40. முதியோர் அதிகம் நடமாடும் வெள்ளி வட்டாரங்களில் பலகையில் போட்டிருக்கும் குறைந்த வேகம். பச்சை விளக்கில் திரும்பினாலும், கடக்கும் பாதசாரிக்கே முதல் உரிமை. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தால் குற்றம். ஒரு தாங்கி வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஈஆர்பி எப்படிக் கட்டுவது?

மின்னியல் சாலைக் கட்டணம் 1998இலிருந்து நடப்பில் இருக்கிறது. வாயிலுக்குக் கீழே போனதும் காரில் இருக்கும் கருவி பணத்தைக் கழித்துக்கொள்ளும். பழைய கருவியாக இருந்தால் அட்டையை நுழைக்க வேண்டும். புதிய கருவிகளில் சிறு திரையும் இருக்கும். காரை எடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அட்டை உங்களுடையதா, என்னுடையதா? நம்முடையது என்றால் அதில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் ஈஆர்பி கிடையாது. மற்ற நாள்களில் சிடிஇ விரைவுச்சாலை வழியாக நகருக்குள் போகும் காலை நேரத்தைத் தவிர்த்தாலே செலவு நன்றாகக் குறையும். அரை மணி தள்ளிப் புறப்பட்டாலே கட்டணம் மாறும்.

கார் நிறுத்த இடம் கிடைக்குமா? எவ்வளவு ஆகும்?

வீவக கார்பார்க்குகளில் நகர மையத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு. மையப் பகுதியில் வேலை நேரத்தில் அரை மணிக்கு 1 வெள்ளி 20 காசு. மின்னியல் தடுப்பு உள்ள இடங்களில் நிமிடக் கணக்கில் கழியும். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை நிறுத்தினால் அதிகபட்சம் 5 வெள்ளி. இரவு முழுக்க வீட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ள இது பெரிய செலவில்லை. ஞாயிறும் பொது விடுமுறையும் இலவசமாக இருக்கும் கார்பார்க்குகளும் உண்டு, நுழையும் இடத்துப் பலகையில் எழுதியிருக்கும்.

நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு போட்ட கட்டம் எல்லோருக்கும். சிவப்புக் கோடு மாதக் கட்டணம் கட்டிய குடியிருப்பாளர்களுக்கு. வாடகைக் காரைச் சிவப்புக் கட்டத்தில் போட்டுவிட்டு விருந்துக்குப் போனால், திரும்பி வரும்போது அபராதச் சீட்டு காத்திருக்கும். தடுப்பு இல்லாத திறந்தவெளி இடங்களில் பார்க்கிங்.எஸ்ஜி செயலியில் நேரத்தைப் போட வேண்டும். வாடகைக் காரின் எண்ணைச் செயலியில் முதல் வேலையாகச் சேர்த்துவிடுங்கள். பழைய எண்ணுக்கே கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

கட்டம் பொதுவாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். சின்ன காருக்கு இருபக்கமும் கதவு திறக்க இடம் மிஞ்சும். இங்கே எல்லோரும் பின்னோக்கித்தான் நிறுத்துகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வெளியே வரும்போது பிள்ளைகள் குறுக்கே ஓடினால் நேராகத் தெரியும். கேமராவை மட்டும் நம்பாமல் தூணைக் கண்ணாடியில் பாருங்கள். வாடகைக் கார்களில் நான் பார்க்கும் கீறல்களில் பெரும்பாலானவை தூணால் வந்தவையே.

தேக்காவுக்குக் காரில் போகலாமா?

வார நாள் காலையில் போகலாம். ஞாயிறு மாலையில் வேண்டாம். லிட்டில் இந்தியா பகுதியில் சிராங்கூன் சாலை ஒருவழி, ஒரு திருப்பத்தை விட்டால் பெரிய சுற்று சுற்ற வேண்டும். ஞாயிறன்று மக்கள் சாலையோரம் நிறைந்திருப்பார்கள், நடைவேகத்தில்தான் ஓட்ட முடியும். பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் சிட்டி ஸ்குவேர் மாலில் நிறுத்திவிட்டு நடக்கலாம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி வரும் பாதையில் தடங்கள் மூடப்படும். அன்றைக்கு எம்ஆர்டி ரயில்தான் சரி. கார் உண்மையில் உதவுவது தூரத்துக் கோயில்களுக்கு. ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வயதானவர்களோடு போகும்போது அதன் பலன் தெரியும்.

மழை பெய்தால்?

இங்கத்திய மழை சொல்லாமல் வரும். முன்விளக்கைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். லேசான கார் என்பதால் தேங்கிய தண்ணீரில் வேகமாக ஏறினால் டயர் பிடிப்பை இழப்பது கையில் தெரியும். அப்போது சட்டென்று பிரேக் அடிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள். கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏசிக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் தெளியும்.

ஜொகூருக்கு ஓட்டிப் போகலாமா?

நிறுவனம் எழுத்தில் அனுமதித்தால் மட்டும். சில நிறுவனங்கள் அறவே விடமாட்டா. விடுபவை தனிக் கட்டணமும் அதிகக் காப்புறுதித் தொகையும் கேட்கும், அனுமதிக் கடிதம் தரும். கடிதம் இல்லாமல் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தையோ துவாஸ் இரண்டாம் பாலத்தையோ தாண்டாதீர்கள்.

சிங்கப்பூர்க் கார் தரைவழியாக வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. மலேசியப் பக்கத்தில் விஇபி, அதாவது வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி, வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். அந்தக் காருக்கு விஇபி பதிவாகியிருக்கிறதா என்பதை நிறுவனத்திடம் உறுதிப்படுத்துங்கள். அது காருக்கு உரியது, உங்களால் அவசரமாக எடுத்துவிட முடியாது. மலேசியச் சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டை கையில் இருக்கட்டும். அங்கே ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்கு விற்கத் தடை, 97 போடுங்கள்.

வெள்ளி மாலை, பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் பாலத்தில் மணிக்கணக்கில் ஊர வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீரும் நொறுக்குத்தீனியும் முன்னிருக்கையிலேயே இருக்கட்டும்.

பெட்ரோல் செலவு?

குறைவு. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனாலும் 50 கி.மீ. அளவுதான். சின்ன கார் லிட்டருக்குப் பதினான்கு, பதினைந்து கி.மீ. கொடுத்துவிடும். மூடியின் உள்பக்கத்தில் எந்த ரகம் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 95 போதும். எடுத்தபோது முள் எங்கே இருந்ததோ அங்கே நிரப்பித் திருப்பிக் கொடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கில் எடுப்பதா, நாள் கணக்கில் எடுப்பதா?

கெட்கோ, ட்ரைப்கார் போன்ற கார் பகிர்வு நிறுவனங்களில் புளோக்குக்குக் கீழே நிற்கும் காரைச் செயலியிலேயே திறந்து, சில மணிநேரம் ஓட்டிவிட்டு விடலாம். மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போய்வர அது நல்லது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சுற்றுவதாக இருந்தால் நாள் வாடகைதான் மனத்துக்கு நிம்மதி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அவசரத்தைத் தரும், அவசரம்தான் தூணில் இடிக்க வைக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

வாடகைக் காரைக் கையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நாலு பக்கமும், சக்கர வளையங்களும், கூரையும், உட்புறமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். வெளிச்சத்தில் எடுங்கள், கார்பார்க் இருட்டில் கீறல் தெரியாது. ஏற்கனவே இருக்கும் கீறலை ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் காப்புறுதியில் எக்ஸெஸ் எவ்வளவு என்று கேளுங்கள். விபத்து நடந்தால் நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகை அது, சாதாரணமாக ஆயிரக்கணக்கான வெள்ளி. நாள் வாடகை மிக மலிவாக இருந்தால் எக்ஸெஸ் உயரமாக இருக்கும். தினம் சில வெள்ளி கூடுதலாகக் கட்டி அதைக் குறைத்துக்கொள்ள வழியிருந்தால், புதிதாக ஓட்டுகிறவர்கள் தயங்காமல் கட்டிவிடுங்கள்.

டுரியான் வாங்கிக்கொண்டு வரலாமா?

காரில் ஏற்றவே வேண்டாம். துப்புரவுக் கட்டணம் டுரியானைவிட அதிகமாகிவிடும். புகைப்பதும் கூடாது. மீன் வாங்கினால் இரட்டைப் பையில் கட்டி, கீழே செய்தித்தாள் விரியுங்கள்.

வழியில் நின்றுவிட்டால், இடித்துவிட்டால்?

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார்பார்க் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அவசர விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். காருக்குள்ளோ பின்னாலோ யாரும் இருக்கக்கூடாது. யாருக்காவது காயம் என்றால் 995 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

சின்ன உரசலாக இருந்தாலும் படம் எடுத்து, எதிராளியின் விவரம் வாங்கி, உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். காப்புறுதிக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும். "நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம், 200 வெள்ளி போதும்" என்று யார் சொன்னாலும் நிறுவனத்தைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். கார் நம்முடையதல்ல, பேரம் பேசும் உரிமையும் நமக்கில்லை.

திருப்பிக் கொடுத்த பிறகு அபராதம் வந்தால்?

வரலாம். வேகக் கேமரா, பேருந்துத் தடம், பார்க்கிங் எதுவானாலும் கடிதம் முதலில் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் அன்றைக்கு ஓட்டியவர் என்று உங்கள் பெயரைக் கொடுப்பார்கள், அதற்குச் சிறு நிர்வாகக் கட்டணமும் எடுப்பார்கள். தண்டப் புள்ளிகள் ஓட்டியவரின் உரிமத்தில் ஏறும். அதனால் டெபாசிட் திரும்பச் சில வாரம் ஆகும் என்று சொன்னால் அது வழக்கம்தான். ஆனால் எத்தனை நாளில் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்க்கிங் பதிவுகளையும், எடுத்தபோதும் கொடுத்தபோதும் எடுத்த வீடியோக்களையும் டெபாசிட் கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள்.